அருகில் இருப்பவரின் பலம்

(ஏ.சி., ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்போரிடையே மதுரையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே கூடியிருப்பவர்களில் பெரும்பாலோர் ஒரு கடை, இரண்டு பைக், மூன்று நான்கு பையன்கள் என்று தொழில் நடத்துகிறவர்கள். ஏ.சி., ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கீசர் என்று வீட்டுக்குள்ளே போய் வேலை பார்க்கிறவர்கள். கூட்டம் தொடங்குவதற்கு முன்பு உங்களில் பலர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "சார், ஆப் வந்துருச்சு. கம்பெனிக்காரனே வருஷ ஒப்பந்தம் போட்டுக்கிட்டு வீட்டுக்கு வர்றான். இந்தப் பக்கம் முந்நூறு ரூபாய்க்கு சர்வீஸ்னு ஒருத்தன் தெருவுக்குத் தெரு நோட்டீஸ் ஒட்டுறான். நடுவுல நாங்க எப்படிப் பிழைக்கிறது?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிழைக்கலாம், நன்றாகவே பிழைக்கலாம். ஆனால் விலையைக் குறைத்துக்கொண்டே போய்ப் பிழைக்க முடியாது. உங்களிடம் இரண்டு பலம் இருக்கிறது. ஒன்று, நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள். இரண்டு, நீங்கள் செய்த வேலைக்கு நீங்களே பதில் சொல்கிறீர்கள். எத்தனை கோடி முதலீடு போட்டாலும் பெரிய நிறுவனத்துக்கு இவை சுலபத்தில் வாய்க்காது. ஆனால் உங்களிடமும் இவை தற்செயலாகத்தான் இருக்கின்றன. தற்செயலாக இருப்பதைத் திட்டமாக மாற்றுவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

போட்டி யாரோடு?

மைக்கேல் போர்ட்டர் என்ற ஹார்வர்டு பேராசிரியர் 1979-ல் ஒரு கட்டுரையும் அடுத்த ஆண்டு ஒரு புத்தகமும் எழுதினார். உலகம் முழுக்க வணிகக் கல்லூரிகளில் இன்றைக்கும் அவை பாடம். ஒரு தொழிலில் லாபத்தை அரிப்பவை ஐந்து என்று அவர் பிரித்துக் காட்டினார்: ஏற்கெனவே இருக்கும் போட்டியாளர், புதிதாக உள்ளே வருகிறவர், நமக்குச் சரக்கு கொடுக்கிறவர், நம்மிடம் வாங்குகிறவர், நம் வேலைக்கு மாற்றாக வந்து நிற்கும் வேறு வழி.

நம் தொழிலுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஒரு கேஜ் செட்டும் தண்ணீர் அடிக்கும் பம்பும் வாங்கிவிட்டால் நாளைக்கே யாரும் மெக்கானிக் என்று போர்டு மாட்டலாம். கேஸ் விலையும் காப்பர் விலையும் நம் கையில் இல்லை. இன்வெர்ட்டர் ஏ.சி.யின் பி.சி.பி. போர்டு கம்பெனியைக் கேட்டால்தான் கிடைக்கிறது. வாடிக்கையாளர் ஒரே நிமிடத்தில் மூன்று பேருக்கு போன் போட்டு விலை விசாரிக்கிறார். மாற்று வழி என்றால், தவணைத் திட்டத்தில் புது ஏ.சி. வாங்கிவிடுவது. 2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி. மீதான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்த பிறகு பழசைத் தள்ளிவிட்டுப் புதுசு வாங்கும் ஆசை இன்னும் கூடும்.

இந்தப் பட்டியலில் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒரு போட்டியாளர் உண்டு. சர்வீஸே செய்யாமல் மூன்று வருடம் ஏ.சி. ஓட்டுகிற வீடு. "ஓடுதுல்ல, ஓடட்டும்" என்கிற மனப்பான்மை. என் கணிப்பில் உங்கள் வருமானத்தில் பெரும்பங்கு போவது ஆப்புக்கு இல்லை, இந்த அசட்டைக்குத்தான். அந்த வீட்டுக்காரர் ஏன் கூப்பிடவில்லை? கஞ்சத்தனம் என்று சொல்லிவிடாதீர்கள். கூப்பிட்டால் என்ன விலை சொல்வார்கள், எப்போது வருவார்கள், கேஸ் போச்சு, கம்பிரஸர் போச்சு என்று எதை இழுத்து விடுவார்கள் என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்தைப் போக்குகிறவருக்கு அந்த வீடு கிடைக்கும்.

ஆப் நிறுவனங்கள் வென்ற இடமும் இதுதான். 2014-ல் அர்பன்கிளாப் என்று தொடங்கி, 2020-ல் அர்பன் கம்பெனி என்று பெயர் மாற்றிக்கொண்டு, 2025 செப்டம்பரில் பங்குச்சந்தைக்கே வந்துவிட்ட நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் எப்போதும் மலிவாகச் செய்வதில்லை. விலையை முன்கூட்டியே சொன்னார்கள், வரும் நேரத்தைச் சொன்னார்கள், ரசீது கொடுத்தார்கள். வேலை பிடிக்கவில்லை என்றால் சொல்ல ஓர் இடத்தைக் காட்டினார்கள். இந்த நான்கில் எதற்குக் கோடிக்கணக்கில் முதல் வேண்டும்? ஒரு நோட்டும் பேனாவும் போதும். அவர்களிடம் இல்லாதது என்னவென்றால், சென்ற வருடம் வந்த ஆளே இந்த வருடமும் வருவார் என்ற உறுதி. அது உங்களிடம் இருக்கிறது.

விலைச் சண்டை

போர்ட்டர் மூன்று வழி சொன்னார். எல்லோரையும் விடக் குறைந்த செலவில் செய்வது ஒரு வழி. மற்றவரிடம் இல்லாத ஒன்றைத் தருவது இன்னொரு வழி. ஒரு சிறு வட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்கு என்று தொழிலையே அமைத்துக்கொள்வது மூன்றாவது. எதையும் தேர்ந்தெடுக்காமல் நடுவில் நிற்கிறவர்தான் அடிபடுவார் என்பது அவருடைய எச்சரிக்கை.

சின்னக் கடைக்கு முதல் வழி மூடிய வழி. குறைந்த செலவு என்பது மொத்தமாக வாங்குகிறவருக்கும் நஷ்டத்தைத் தாங்கப் பணம் வைத்திருப்பவருக்கும்தான் கட்டுப்படியாகும். முந்நூறு ரூபாய் நோட்டீஸ் ஒட்டுகிறவரும் முந்நூறில் நிற்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும். உள்ளே போனதும் "கேஸ் கம்மியா இருக்குக்கா" என்று ஆரம்பித்து இரண்டாயிரத்து ஐந்நூறில் முடிப்பார். நீங்களும் விலையைக் குறைத்தால், வீட்டு வாடகை கட்ட அதே பொய்யைச் சொல்ல வேண்டிய நிலைக்குத்தான் போய்ச் சேருவீர்கள். நல்ல மெக்கானிக்குகள் இப்படிக் கெட்டுப்போவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. கை சுத்தமான ஆளை அந்த விலை அப்படி ஆக்கிவிடுகிறது.

ஆகவே இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துப் பிடியுங்கள். சிறு வட்டம், அந்த வட்டத்துக்குள் வேறு யாரும் தராத நம்பகம்.

எல்லையைச் சுருக்குங்கள்

மதுரையில் ஒரு சர்வீஸ் கடையின் விளம்பரத்தைப் பார்த்தால் "மதுரை முழுவதும் சேவை" என்று போட்டிருக்கும். காலையில் திருநகரில் ஒரு வேலை, பதினொரு மணிக்கு ஒத்தக்கடையில் ஒன்று, மத்தியானம் வில்லாபுரம், சாயங்காலம் ஆனையூர். அக்னி நட்சத்திர வெயிலில் ஊரை இப்படிக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றுகிற பையன் எத்தனை வேலை முடிப்பான்? நான்கு. அதிலும் கடைசி வீட்டுக்கு மூன்று மணி என்று சொல்லி ஆறரைக்குப் போவான்.

கணக்குக்கு ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். ஒரு டெக்னீஷியன், ஓர் உதவியாள், இருவருக்கும் சேர்த்து ஒரு நாள் செலவு 1,500 ரூபாய். ஊர் சுற்றினால் பெட்ரோலும் வண்டித் தேய்மானமும் 300. மொத்தம் 1,800. நான்கு வேலை முடித்தால் ஒரு வேலைக்கு 450 ரூபாய் அடக்கம். அதே இருவரும் கடையைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் வட்டத்துக்குள் வேலை பார்த்தால் பெட்ரோல் செலவு 150-ல் முடியும். ஏழு வேலை பார்க்கலாம். 1,650-ஐ ஏழால் வகுத்தால் 235 ரூபாய் சொச்சம். ஒரு வேலைக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் மிச்சம். வாடிக்கையாளரிடம் ஒரு ரூபாய்கூட அதிகம் வாங்காமல் வந்த லாபம் இது. உங்கள் கடைக் கணக்கு வேறாக இருக்கும். இன்றிரவு உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். முடிவு இதே திசையில்தான் வரும்.

மிச்சமாகும் பணத்தைவிடப் பெரியது, சொன்ன நேரத்துக்குப் போக முடிகிறது என்பது. மதுரைக்காரர்களுக்கு நான் புதிதாக எதையும் சொல்லவில்லை. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912-ல் பஸ் ஓட்டத் தொடங்கியபோது பஸ் என்பதே மக்களுக்குப் புதுசு. டி.வி.எஸ். பஸ்ஸுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது நேரம் தவறாமை. அந்தக் காலத்துச் சாலையில் மாட்டு லாடத்தின் ஆணிகள் சிதறிக் கிடக்கும். டயர் பஞ்சரானால் நேரம் போச்சு. அந்த ஆணிகளைப் பொறுக்க காந்தம் கட்டிய வண்டியை முன்னால் ஓட்டினார்கள் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். நேரம் தவறாமல் வருவோம் என்று வாக்குக் கொடுப்பது யாருக்கும் சுலபம். அந்த வாக்கை எது கெடுக்கிறது என்று தேடிப் போய், அதைச் சாலையிலேயே பொறுக்கி எடுப்பதுதான் தொழில் அறிவு. உங்கள் நேரத்தைக் கெடுப்பது எது? தூரம். அதனால் முதலில் தூரத்தைக் குறையுங்கள்.

"எல்லைக்கு வெளியில இருந்து கூப்பிட்டா வேணாம்னா சொல்றது?" என்று கேட்பீர்கள். முதல் வருடம் எல்லாவற்றையும் வேண்டாம் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் வெளி அழைப்புகளுக்கு வாரத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள். விளம்பரச் செலவு, நோட்டீஸ், போர்டு எல்லாம் உங்கள் வட்டத்துக்குள் மட்டும். கூகுள் மேப்பில் கடையைப் பதிவது இலவசம். அதில் கடை வாசல், நீங்கள், உங்கள் பையன்கள் என்று உண்மையான படங்களைப் போடுங்கள். வேலை முடிந்ததும் வாடிக்கையாளரிடம் கருத்து எழுதச் சொல்லுங்கள். ஐந்து வீடுள்ள அபார்ட்மெண்டில் நான்கு பேர் உங்களைத் தெரிந்தவர்கள் என்றால், ஐந்தாவது வீட்டுக்கு எந்த ஆப்பும் விளம்பரம் செய்து பயனில்லை.

கண்ணுக்குத் தெரியாத வேலை

இனிச் சொல்லப்போவதுதான் இந்தப் பேச்சின் மையம்.

ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவருக்கு 2001-ல் மற்ற இருவரோடு சேர்ந்து நோபல் பரிசு கிடைத்ததில் அந்தக் கட்டுரைக்குப் பெரும்பங்கு உண்டு. அவர் எடுத்துக்கொண்டது பழைய கார் சந்தை. விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எது நல்ல வண்டி, எது மோசமான வண்டி என்று பிரித்தறிய முடியாதபோது, வாங்குபவர் எல்லா வண்டிக்கும் குறைந்த விலைதான் கொடுப்பார். அந்த விலை நல்ல வண்டிக்காரருக்குக் கட்டுப்படியாகாது. அவர் சந்தையை விட்டுப் போவார். கடைசியில் மோசமான வண்டிகள்தான் மிஞ்சும்.

ஏ.சி. சர்வீஸ் தொழிலில் இன்று நடப்பது அச்சு அசலாக இதுதான். வீட்டுக்காரம்மாவுக்கு நீங்கள் மொட்டை மாடியில் அவுட்டோர் யூனிட் பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்தீர்கள் என்று தெரியாது. இருபது நிமிடம் கழித்து இறங்கி வந்து "கேஸ் ஏத்தியாச்சும்மா" என்றால் நம்ப வேண்டும். நம்ப முடியாததால் விலையைப் பேசுகிறார். அவர் பேரம் பேசுவது பணத்துக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். ஏமாறக்கூடாது என்பதற்காகப் பேசுகிறார்.

ஏ.சி.யில் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீருவதில்லை என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். குழாய்க்குள் அடைபட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. ஃபிளேர் நட்டிலோ, காயிலின் வளைவிலோ. கசிவைக் கண்டுபிடிக்காமல் கேஸ் ஏற்றினால் அடுத்த கோடையில் மறுபடி அதே வேலை. இதை வாடிக்கையாளரிடம் முதலில் சொல்கிறவர் நீங்களாக இருங்கள். "அம்மா, வருஷா வருஷம் கேஸ் ஏத்தணும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஏத்த வேண்டி வந்தா கசிவு எங்கேன்னு காட்டச் சொல்லுங்க." இப்படிச் சொல்கிற மெக்கானிக்கை அவர் விடவே மாட்டார். பக்கத்து வீட்டிலும் சொல்வார்.

சொல்வதோடு நிற்காமல் காட்டவும் வேண்டும். செய்முறையை விளக்கமாகவே சொல்கிறேன்.

வீட்டுக்குள் போனதும் ஏ.சி.யை ஓடவிட்டு, உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பத்தையும் வெளியே வரும் காற்றின் வெப்பத்தையும் ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரால் அளந்து வீட்டுக்காரர் கண்முன் எழுதுங்கள். உள்ளே 30, வெளியே 24 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 6. ஃபில்டரைக் கழுவி, இண்டோர் காயிலுக்கும் புளோயருக்கும் தண்ணீர் அடித்து, டிரெயின் டிரேயில் படிந்த பாசியை எடுத்து, அவுட்டோர் காயிலையும் சுத்தம் செய்த பிறகு மறுபடி அளந்து பாருங்கள். உள்ளே 29, வெளியே 18. வித்தியாசம் 11. சாதாரணமாக 8 முதல் 12 டிகிரி வரை வித்தியாசம் இருந்தால் மெஷின் நலமாக இருக்கிறது என்று பொருள். இரண்டு எண்களையும் அவரே பார்த்துவிட்டார். கொடுக்கிற காசுக்கு என்ன கிடைத்தது என்பது அவர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குமேல் அவர் பேரம் பேசத் தேவையில்லை.

கப்பாசிட்டர் மாற்ற வேண்டுமானால், அதன் மேல் 45 மைக்ரோ ஃபாரட் என்று எழுதியிருப்பதைக் காட்டி, மீட்டரை வைத்து 30-தான் வருகிறது என்று காட்டுங்கள். கழற்றிய பழைய பாகத்தை அவர் கையிலேயே கொடுங்கள். கேஸ் போட வேண்டுமானால் சிலிண்டரை எடை மெஷினில் வைத்து, ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் எடையைப் போட்டோ எடுங்கள். ஆர்-32, ஆர்-410ஏ போன்ற இன்றைய கேஸ்களை எடை போட்டு ஏற்றுவதுதான் முறையும்கூட. முதலில் நைட்ரஜன் அடித்துக் கசிவு பார்த்து, பிறகு வாக்குவம் பம்ப் போட்டு, அதன் பிறகு கேஸ். நேரம் பிடிக்கும் வேலைதான். இதைச் செய்யாமல் கேஸைத் திறந்துவிட்டுக் காற்றை வெளியே தள்ளுகிறவரும் நீங்களும் ஒரே தொழில் செய்கிறவர்கள் என்று வாடிக்கையாளர் நினைத்துக்கொண்டிருந்தால், அந்த நினைப்பை மாற்ற வேண்டிய பொறுப்பு உங்களுடையது.

இவை எல்லாவற்றையும் ஓர் அட்டையில் எழுதி இண்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். தேதி, கேஸ் வகை, இரண்டு வெப்ப அளவுகள், மாற்றிய பாகம், வேலை பார்த்தவர் பெயர், கடை போன் எண். அதன் நகல் உங்கள் கடை நோட்டில். அடுத்த வருடம் அவர் போன் செய்யும்போது "சார், போன மார்ச்சுல கப்பாசிட்டர் மாத்தினோமே, அந்த ஏ.சி.தானே?" என்று நீங்கள் கேட்டால், அந்த ஒரு கேள்வியில் மற்ற எல்லாப் போட்டியாளரும் பின்தங்கிவிடுவார்கள்.

ரசீது அவசியம் கொடுங்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். பதிவு இல்லை என்பதற்காக ரசீது தரக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வரி போடாத சாதாரண ரசீது தரலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, ரசீது தராததையே முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ரசீதில் "இந்த வேலையில் 30 நாளுக்குள் குறை வந்தால் கட்டணமின்றிச் சரிசெய்து தரப்படும்" என்று அச்சடியுங்கள். நல்ல வேலை செய்கிறவருக்கு இதனால் பெரிய செலவு வராது. ஊர் முழுக்க அலைகிறவர் இந்த வாக்கைக் கொடுக்கத் தயங்குவார். மறுபடி பதினைந்து கிலோமீட்டர் போக வேண்டுமே. பக்கத்தில் இருக்கிற உங்களுக்கு அது டீ குடிக்கப் போகிற தூரம்.

யாருக்கு வேலை பார்ப்பது?

எல்லையைச் சுருக்கிய பிறகு, அந்த எல்லைக்குள் யார் யாருக்கு ஏ.சி. நின்றால் தொழிலே நிற்கும் என்று பாருங்கள். ஸ்கேன் சென்டர், பல் மருத்துவமனை, கல்யாண மண்டபம், பியூட்டி பார்லர், ஜவுளிக்கடை. மருந்துக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்சுலினும் பல தடுப்பூசிகளும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அந்த ஃபிரிட்ஜ் ராத்திரி நின்றுபோனால் மருந்து அத்தனையும் வீண். அந்தக் கடைக்காரர் ஐம்பது ரூபாய் குறைவாகக் கேட்கிற ஆளைத் தேடமாட்டார். கூப்பிட்டால் அரை மணி நேரத்தில் வருகிற ஆளைத் தேடுவார். உங்கள் வட்டத்தில் உள்ள எல்லா மருந்துக்கடைக்கும் போய், மாதம் ஒருமுறை ஃபிரிட்ஜின் வெப்பத்தை அளந்து எழுதித் தருகிறேன், அவசரம் என்றால் இரவிலும் வருகிறேன், ஆண்டுக்கு இவ்வளவு என்று பேசுங்கள். பெரிய நிறுவனம் இவ்வளவு சின்ன வேலைக்குத் தனித் திட்டம் போடாது. உங்களுக்கோ அது நிலையான வருமானம்.

அடுத்தது பருவம். உங்கள் தொழிலின் பெரிய நோய் இது. மார்ச் முதல் ஜூன் வரை போன் எடுக்க நேரமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பையன்களுக்குச் சம்பளம் கொடுக்கக் கடன். கோடையில் அவசரத்தில் செய்த அரைகுறை வேலையே மழைக்காலத்தில் பெயரையும் கெடுக்கிறது. ஆண்டு ஒப்பந்தம் போடும்போது, முழுச் சர்வீஸை டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் செய்துகொள்கிறவருக்கு விலையில் சலுகை கொடுங்கள். கூட்டம் இல்லாத மாதத்தில் விலை குறைப்பதில் தவறில்லை. காலியாக இருக்கும் கைக்கு அது வேலை. கோடையில் அந்த வீடுகளிலிருந்து பழுது அழைப்பும் குறையும். கூடவே குளிர்காலத்துக்குக் கீசர் வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். இங்கே போர் தண்ணீரில் உப்பு அதிகம் உள்ள தெருக்களில் கீசர் காயிலில் வெள்ளையாகப் படிவு கட்டிக் கிடக்கும். ஏ.சி. சர்வீஸுக்குப் போகிற அதே வீட்டில் அதையும் பார்த்துவிடலாம்.

ஆட்களைக் காப்பாற்றுங்கள்

"பையன்களுக்கு வேலை கத்துக்கொடுத்தா, ரெண்டு வருஷத்துல வாடிக்கையாளர் நம்பரை எடுத்துக்கிட்டுத் தனியாப் போயிடுறானுங்க" என்பது எல்லோருடைய குறை. அவன் ஏன் போகிறான்? வெயிலில் மாடி ஏறி இறங்குகிறவன் அவன். வீட்டுக்காரர் நம்புவது அவன் முகத்தை. அவன் கையில் மிஞ்சுவதோ தினச் சம்பளம் மட்டும். ஒரு தெருவை, ஒரு குடியிருப்பை அவன் பொறுப்பில் விடுங்கள். அங்கிருந்து வரும் ஆண்டு ஒப்பந்த வருமானத்தில் அவனுக்கு ஒரு பங்கு கொடுங்கள். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் ரெஃப்ரிஜரேஷன் படித்து வருகிற பிள்ளைகளுக்குக் கைவேலை மட்டும் போதாது, வாடிக்கையாளரிடம் பேசவும் கணக்கு எழுதவும் கற்றுக்கொடுங்கள். சிலர் தனியாகப் போகத்தான் செய்வார்கள். போகிறவன் உங்களோடு சண்டை போடாமல் போனால், நாளைக்கு அவன் பக்கத்து வட்டத்தின் நண்பன்.

இந்த இடத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். சன்ஷேடில் நின்றுகொண்டு, இடுப்பில் பெல்ட் இல்லாமல், மூன்றாவது மாடி அவுட்டோர் யூனிட்டைக் கழற்றுகிற பையனை நான் எந்த நிபந்தனையிலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கசிவு பார்க்க நைட்ரஜன் கிடைக்கவில்லை என்று ஆக்ஸிஜன் சிலிண்டரைப் போடாதீர்கள். கம்பிரஸர் ஆயிலோடு ஆக்ஸிஜன் சேர்ந்தால் வெடிக்கும். ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது. ஆர்-290 என்பது புரோப்பேன், நன்றாகவே தீப்பிடிக்கும். பக்கத்தில் பிரேஸிங் டார்ச் எரிய வேலை பார்க்கக்கூடாது. வங்கிக் கணக்கு இருக்கும் 18 முதல் 70 வயது வரையிலான ஒவ்வொருவரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் சேரலாம். ஆண்டுக்கு 20 ரூபாய், விபத்து மரணத்துக்கு 2 லட்ச ரூபாய் காப்பீடு. அந்த 20 ரூபாயை முதலாளியே கட்டுங்கள். இது போதவும் போதாது, ஆனால் இதுகூட இல்லாத பையன்கள் நம் கடைகளில் இருக்கிறார்கள். பெல்ட் போட்டு, சீருடையில், நிதானமாக வேலை பார்க்கிற ஆளை வீட்டுக்காரர் ஜன்னல் வழியே பார்க்கிறார். அந்தக் கடையைப் பற்றி அவர் முடிவு செய்வது அங்கேதான்.

ஒருவருக்கொருவர்

கடைசியாக, இங்கே இருக்கும் நீங்கள் ஒருவருக்கொருவர் எதிரி இல்லை. திருநகர்க்காரருக்கு ஒத்தக்கடையிலிருந்து அழைப்பு வந்தால், அங்கே இருக்கும் நல்ல மெக்கானிக்கின் எண்ணைக் கொடுக்கட்டும். அவரும் இப்படி அனுப்புவார். நைட்ரஜன் செட், கேஸ் மீட்கும் மெஷின் போன்ற விலை கூடிய கருவிகளை நான்கு கடை சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். புது இன்வெர்ட்டர் மாடல் வரும்போது ஒருவர் பயிற்சிக்குப் போய் வந்து மற்றவர்களுக்குச் சொல்லித்தரலாம். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். எல்லோரும் சேர்ந்து ஒரே விலை வைப்பது, ஊரைப் பங்கு போட்டுக்கொள்வது இரண்டும் 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டப்படி தடைசெய்யப்பட்ட ஏற்பாடுகள். வாடிக்கையாளருக்கும் அது நியாயம் இல்லை. அறிவையும் கருவியையும் பகிருங்கள், விலையை அவரவர் வேலையின் தரம் தீர்மானிக்கட்டும்.

இப்போது மார்கழி. உங்களுக்கு வேலை குறைவான மாதம், அதனால் யோசிக்க ஏற்ற மாதம். மாசி முடிவதற்குள் நான்கு காரியம் செய்யுங்கள். கடையை நடுவில் வைத்து மூன்று கிலோமீட்டர் வட்டம் போட்டு, அதற்குள் இருக்கும் அபார்ட்மெண்டுகள், கிளினிக்குகள், மருந்துக்கடைகளின் பெயரை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் விலைப்பட்டியல் அச்சடித்து, வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அதைக் கையில் கொடுங்கள். தெர்மாமீட்டர், எடை மெஷின், கப்பாசிட்டர் மீட்டர் இவற்றில் எது இல்லையோ அதை வாங்கி, பையன்களுக்கு அளந்து எழுதப் பழக்குங்கள். உங்கள் பழைய வாடிக்கையாளர் எல்லோருக்கும் நீங்களே போன் செய்து, கோடைக்கு முன்பே சர்வீஸ் செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறும் நாளில் மற்றவர்கள் போனை எடுக்க முடியாமல் திணறும்போது, உங்கள் வட்டத்து வீடுகளில் ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும். வேலை சுத்தமாகச் செய்கிறவருக்கு இந்த ஊரில் கூலி குறைவாகக் கிடைப்பது அநியாயம் என்று நான் நினைக்கிறேன். அந்த அநியாயத்தை வாடிக்கையாளரும் அரசும் வந்து சரிசெய்யும் வரை காத்திருக்க வேண்டாம். செய்த வேலையை அளந்து காட்டி, எழுதிக் கொடுத்து, அதற்கான விலையைத் தலை நிமிர்ந்து கேளுங்கள். கொடுக்கிற மக்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.